சம்பந்தி வீட்டு வண்டி

ஜனவரி 9

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

உங்களோடு இனிப் பேசுவதில்லை என்று நம் பிள்ளைகளின் கல்யாணத்தன்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அதில் இன்றைக்கும் மாற்றம் இல்லை. எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை என்பது நேற்றுத்தான் எனக்கு உறைத்தது.

விஷயம் என் பழைய வண்டியைப் பற்றியது. நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். என் மகளையும் மாப்பிள்ளையையும் அதில் உட்கார வைத்து நானே ஓட்டிப்போவதாக இருந்த வண்டி. மண்டபத்து வாசலில் நீங்கள் குறுக்கே வந்து, "இதுல பிரேக் பிடிக்கல, என் பையன் இதுல ஏற மாட்டான்" என்று சொல்லி, இரண்டு பேரையும் டாக்சியில் அனுப்பிவிட்டீர்கள். ஊரார் பல்லைப் பிடுங்கிப் பிழைப்பவன் நான். அன்றைக்கு என் மானத்தைப் பிடுங்கியது நீங்கள்.

அன்று சாயங்காலம் கிளினிக்குக்குப் பின்னால் இருக்கும் சந்தில் அதை நிறுத்தித் தார்ப்பாய் போட்டு மூடினேன். ஏழு வருஷம் ஓடிவிட்டது, வண்டியைத் தவிர எல்லாம். பதிவு எப்போதோ காலாவதி. போன வாரம் நகராட்சி ஆட்கள் வந்து தார்ப்பாய் மேலேயே நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். மார்ச் முடிவதற்குள் வண்டி ஓட வேண்டும், பதிவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கேட்பாரற்ற வண்டி என்று இழுத்துக்கொண்டு போய் இரும்புக்குப் போட்டுவிடுவார்களாம். கேட்பாரற்ற வண்டி! கிளினிக் திறந்த வருஷம் வாங்கியது. என் மகள் நடக்கப் பழகுவதற்கு முன்பே அதன் ஹாரனை அடிக்கப் பழகியவள்.

முப்பது வருஷத்துக்கு மேல் பிரேக் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான். இன்னொருவர் இருந்திருந்தால் அவருக்குத்தான் எழுதியிருப்பேன். முதலில் என்ன செய்ய வேண்டும் என்று தெரிவித்தால் போதும். பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம்.

இப்படிக்கு,
பல் டாக்டர்


ஜனவரி 17

டாக்டர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. ஒரு திருத்தம். உங்கள் வண்டி வாசலில் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், பூந்தொட்டியில் இடித்து நின்றது. தொட்டி உடைந்தது. அதற்குப் பிறகுதான் நான் குறுக்கே வந்தேன். தொட்டியைப் பற்றி எழுத மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது.

எனக்கும் உங்களோடு பேசும் எண்ணம் இல்லை. ஆனால் வண்டியைப் பற்றிக் கேட்டு வந்தவருக்குப் பதில் சொல்லாமல் நான் இருந்ததில்லை.

இதற்குள் சாவியைப் போட்டுத் திருப்பிப் பார்த்திருப்பீர்கள். எல்லாரும் முதலில் அதைத்தான் செய்வார்கள். இனிச் செய்ய வேண்டாம். டாங்கில் இருக்கும் பழைய பெட்ரோலை முழுக்க இறக்குங்கள். ஆயிலை மாற்றுங்கள். டயர் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றுங்கள். ஒரே இடத்தில் நின்ற ரப்பரை நம்பக்கூடாது. பிரேக், ஸ்டியரிங் இரண்டையும் கழற்றிப் பார்க்கட்டும். பொறுமையான மெக்கானிக்காகப் பிடியுங்கள். "ரெண்டே நாள்ல ஓட வெச்சுடறேன்" என்பவனிடம் கொடுக்காதீர்கள்.

வண்டி ஓடிய பிறகுதான் காகிதம். பதிவுப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று இப்போதே தேட ஆரம்பியுங்கள். உங்களைப் போன்றவர்கள் அதைப் பத்திரமான இடத்தில் வைத்திருப்பார்கள். அதனால் கிடைக்க நாளாகும்.

என் மகனுக்கும் மருமகளுக்கும் நானும் சொல்லப்போவதில்லை.


பிப்ரவரி 2

சம்பந்தி அம்மாவுக்கு,

சாவியைப் போட்டுத் திருப்பினேன் என்பது உண்மை. நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்க மாட்டேன்.

மெக்கானிக் கிடைத்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும். எதைக் கேட்டாலும் "பொறுமை டாக்டர்" என்பதால் தெருவில் அவர் பெயரே பொறுமை ஆகிவிட்டது. தார்ப்பாயை எடுத்தவுடன் வண்டியை மூன்று சுற்று சுற்றிவந்தார். பிறகு உட்கார்ந்து ஒரு டீ குடித்தார். அன்றைய வேலை அவ்வளவுதான்.

மறுநாள் ஏர் ஃபில்டரைத் திறந்தால் உள்ளே குளவிக்கூடு, குடியிருப்போர் உட்பட. பொறுமை ஓடிய வேகத்தைப் பார்த்து அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று எனக்குச் சந்தேகம் வந்தது. பழைய பெட்ரோல் வார்னிஷ் மாதிரி நாறியது. கார்புரேட்டரின் சின்னத் துளைகள் அத்தனையும் அடைத்திருந்தன. அவரிடம் இருந்த கம்பி எதுவும் நுழையவில்லை. நான் கிளினிக்குக்குள் போய் வேர்ச் சிகிச்சைக்கு வைத்திருக்கும் மெல்லிய ஊசிகளை எடுத்துவந்து, தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு துளையாகச் சுத்தம் செய்தேன். நாற்பது வருஷத் தொழிலில் இவ்வளவு ஒத்துழைத்த நோயாளியை நான் பார்த்ததில்லை. எச்சில் துப்பவில்லை, கையைக் கடிக்கவில்லை.

இப்போது முக்கியமான செய்தி. பிரேக்கைக் கழற்றிப் பார்த்த பொறுமை, அதில் ஒரு குறையும் இல்லை, பழைய காலத்து உறுதி என்று சொல்லிவிட்டார். ஒரு குறையும் இல்லை என்ற வார்த்தையை இரண்டாம் முறையும் சொல்லவைத்துக் கேட்டேன். ஏழு வருஷத்துக்குப் பிறகு அன்று மதியம் நன்றாகச் சாப்பிட்டேன்.

நியாயமாக இன்னொன்றும் எழுத வேண்டும். ஸ்டியரிங் ஜாயின்ட் தேய்ந்து கழலும் நிலையில் இருந்ததாம். தொட்டியை நோக்கிப் போன வண்டியை, பிரேக் போடாமல் நான் திருப்பிவிடப் பார்த்தேன், அது திரும்பவில்லை. அவ்வளவுதான் அன்று நடந்தது. நீங்கள் பிரேக் என்றீர்கள், நான் வண்டியில் ஒரு குறையும் இல்லை என்றேன். இரண்டு பேர் சொன்னதும் தப்பு.

பதிவுப் புத்தகம் இன்னும் கிடைக்கவில்லை. மிகவும் பத்திரமாக இருக்கிறது.


பிப்ரவரி 10

டாக்டருக்கு,

நான் பிரேக் என்று சொன்னது தப்புதான். நிறுத்துங்கள் என்று சொன்னது தப்பில்லை. ஸ்டியரிங் கழன்ற வண்டியில் அவர்கள் இரண்டு பேரும் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இந்த வாரம் முழுக்க நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதை எழுதாமல் விட்டிருக்கலாம் நீங்கள். எழுதினீர்கள். அதற்கு மதிப்பு உண்டு.

பிரேக் நன்றாக இருந்தாலும் ரப்பர் குழாய்களை மாற்றச் சொல்லுங்கள். என்னைத் திருப்திப்படுத்த இல்லை, வண்டியை.

பிள்ளைகள் வந்திருந்தார்கள். வழக்கம்போல இரண்டு நாள் எனக்கு. அடுத்த மாதம் இரண்டு நாள் உங்களுக்கு என்று திட்டமாம். ரேஷன் மாதிரி ஆகிவிட்டது. நம் பேத்தி ஒரு தாளில் என்னை வரைந்து கொடுத்தாள். மூக்குக் கண்ணாடி எல்லாம் சரியாக இருந்தது. தாத்தாவை வரையவில்லையா என்று கேட்டேன். தாளைத் திருப்பிக் காட்டினாள். பின்பக்கம் நீங்கள். அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. தாத்தா பாட்டி என்றால் அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அவர்கள் கொண்டுவந்த பிஸ்கட் கல் மாதிரி. கொஞ்ச நாளாக இடது பக்கம் எதையும் கடிக்க முடியாததால் அப்படியே இருக்கிறது.


பிப்ரவரி 21

சம்பந்தி அம்மாவுக்கு,

வண்டி பேசிவிட்டது!

நேற்றுக் காலை ஒருவருக்குக் கடைவாய்ப்பல்லில் வேலை நடந்துகொண்டிருந்தது. சந்திலிருந்து முதலில் இருமல் மாதிரி ஒரு சத்தம். பிறகு தும்மல். பிறகு அந்தப் பழைய குரல். கையில் இருந்ததை வைத்துவிட்டு ஓடினேன். சந்து முழுக்கப் புகை. நடுவில் பொறுமை, சிரித்துக்கொண்டு. அவருக்குப் பல் இருப்பதே நேற்றுத்தான் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் வாயில் பஞ்சோடு என் நோயாளியும் பக்கத்தில் நிற்கிறார். அவரும் ஏதோ வாழ்த்துச் சொன்னார், புரியவில்லை.

பதிவுப் புத்தகமும் கிடைத்துவிட்டது. என் மனைவியின் புடவை அலமாரியில், அவளுடைய மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் இருந்தது. அவள் போய்ப் பத்து வருஷம் ஆகப்போகிறது. அந்த அலமாரியை நான் திறப்பதில்லை. அவள் இருந்திருந்தால் நம் சண்டை அன்று ராத்திரிக்கே முடிந்திருக்கும். இரண்டு பேரையும் திட்டியே முடித்திருப்பாள்.

இடது பக்கம் எத்தனை நாளாக வலி? குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்கிறதா? ராத்திரி படுத்தால் அதிகமாகிறதா? உடனே ஒரு டாக்டரிடம் காட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. அடுத்த மாதம் வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். இங்கே இருக்கும் இன்ஸ்பெக்டர் உங்களிடம் வேலை கற்றவர் என்று விசாரித்ததில் தெரிந்தது. நீங்கள் ஒரு வார்த்தை போனில் சொன்னால் காரியம் சுலபமாக முடியும்.


பிப்ரவரி 27

டாக்டருக்கு,

என் சொந்தத் தம்பியின் லாரியை மூன்று முறை திருப்பி அனுப்பியவள் நான். அவன் இரண்டு வருஷம் என் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. உங்களுக்காக வாயைத் திறப்பேன் என்று எப்படி நினைத்தீர்கள்?

இனி வண்டியைப் பற்றி எனக்கு எழுத வேண்டாம்.


மார்ச் 14

சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இது வண்டியைப் பற்றிய கடைசிக் கடிதம், அதனால் படித்துவிடுங்கள்.

சோதனைக்குக் கொண்டுபோனேன். யார் பெயரையும் சொல்லவில்லை. பிரேக், ஸ்டியரிங், விளக்கு, புகை எல்லாம் தேறிவிட்டது. கடைசியில் வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் சேசிஸ் நம்பரைப் பார்க்க வேண்டும் என்றார்கள். அது துருவுக்கு அடியில் இருந்தது. பல்லில் காறை எடுக்கும் கருவி என் சட்டைப் பையிலேயே இருந்ததால், அங்கேயே குப்புறப் படுத்து ஒவ்வொரு எண்ணாகச் சுரண்டி எடுத்தேன். இன்ஸ்பெக்டர் அம்மா கூட ஆச்சரியப்பட்டார்.

எடுக்காமலே இருந்திருக்கலாம். வண்டியில் இருப்பது எட்டு. பதிவுப் புத்தகத்தில் இருப்பது மூன்று. அந்த ஒரு எண்தான் வித்தியாசம். கவுன்டரில் இருந்த பையன் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "சார், புத்தகத்துல இருக்கறது உங்க வண்டி. நீங்க கொண்டுவந்தது வேற வண்டி" என்றான். நான் இத்தனை வருஷம் ஓட்டியது யாருடைய வண்டி என்று கேட்டேன். அது அவனுக்குத் தெரியாதாம்.

திரும்ப ஓட்டிவந்து சந்திலேயே நிறுத்திவிட்டேன். மாதம் முடிந்ததும் நகராட்சி வந்து எடுத்துப்போகட்டும். பொறுமை இரண்டு நாளாக வந்து சும்மா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார். பொறுமை என்று கூடச் சொல்வதில்லை.

போன கடிதத்தில் நான் கேட்டது கேட்டிருக்கக்கூடாதது. பல்லைக் காட்டினீர்களா?


மார்ச் 18

சம்பந்திக்கு,

தார்ப்பாயை மறுபடி போடாதீர்கள்.

பழைய புத்தகங்கள் எல்லாம் கையால் எழுதியவை. எட்டைப் பார்த்து மூன்று என்று எழுதிய குமாஸ்தாக்களை நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். வேறு வண்டியும் இல்லை, வேறு டாக்டரும் இல்லை.

நம்பர் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேயுங்கள். எண் அப்படியே பதியும். அந்தத் தாளைச் சேர்த்து, பிழையைத் திருத்தித் தரச்சொல்லி ஒரு விண்ணப்பம் கொடுங்கள். வண்டி முதலில் பதிவான அன்றைய கோப்பை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். கம்பெனி கொடுத்த பில் அதில் இருக்கும், சரியான நம்பரோடு. கோப்பு கிடைக்கவில்லை என்பார்கள். பழைய கோப்புகள் மாடிப்படிக்குக் கீழே இருக்கும். எல்லா ஆபீசிலும் அங்கேதான் இருக்கும். விண்ணப்பம் கொடுத்ததற்கு ரசீது வாங்கி, அதன் நகலை நகராட்சிக்குக் கொடுத்துவிடுங்கள். விசாரணையில் இருக்கும் வண்டியை அவர்கள் தொட முடியாது. விண்ணப்பத்தில் என்ன எழுத வேண்டும் என்று தனித்தாளில் எழுதியிருக்கிறேன். உங்கள் கையெழுத்தில் எடுத்து எழுதுங்கள். கதை, வருத்தம், உவமை எதையும் சேர்க்காதீர்கள்.

இதைச் சிபாரிசு என்று நினைத்துவிடாதீர்கள். வழி கேட்டால் யாருக்கும் சொல்வேன். கதவைத் திறந்துவிடுவது என் வேலை இல்லை.

அன்று கடிதம் எழுதியபோது எனக்குப் பல் வலி உயிர் போனது. அதனால் கொஞ்சம் கடுமையாக இருந்திருக்கலாம். ஆனால் எழுதியது எழுதியதுதான்.

டாக்டரிடம் போனேன். ஆயிரக்கணக்கான வண்டிகளை நிற்கவைத்துக் கேள்வி கேட்டவள், அந்த நாற்காலியில் சாய்ந்தவுடன் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. சின்ன வயதுப் பெண். உள்ளே பார்த்துவிட்டு, "ஏம்மா, இத்தனை நாள் கவனிக்காம விட்டீங்க?" என்றாள். வண்டிக்காரர்களிடம் நான் கேட்ட அதே கேள்வி, அதே குரலில். பதில் சொல்ல முடியவில்லை, வாய் திறந்திருந்தது. பல்லைக் காப்பாற்றிவிட்டாள்.

விண்ணப்பத்தை நாளைக்கே கொடுங்கள்.


ஏப்ரல் 22

சம்பந்தி அம்மாவுக்கு,

தபாலில் இதோடு வருவது புதுப் பதிவுப் புத்தகத்தின் நகல். எட்டைப் பாருங்கள். எவ்வளவு லட்சணமான எட்டு!

கோப்பு மாடிப்படிக்குக் கீழேதான் இருந்தது. கிடைக்கவில்லை என்று முதலில் சொன்னார்கள், நான் படிக்கட்டைக் கையால் காட்டினேன். நகராட்சி ஆட்கள் இழுவை வண்டியோடு வந்தபோது ரசீதை நீட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, வந்ததுக்கு ஒரு டீயாவது குடிக்கிறோம் என்று பொறுமையோடு உட்கார்ந்துவிட்டார்கள்.

இன்னொரு விஷயம். புத்தகத்தில் கையெழுத்துப் போடும்போது இன்ஸ்பெக்டர் அம்மா என் விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்துப் படித்தார். "சார், இதை யார் எழுதிக் குடுத்தாங்க?" என்று கேட்டார். என் கையெழுத்துத்தான் என்றேன். "கையெழுத்து உங்களுது. இப்படி ஒரு வார்த்தை கூடுதலா இல்லாம எழுதறவங்க எனக்குத் தெரிஞ்சு ஒருத்தங்கதான். அவங்ககிட்டத்தான் நான் வேலை கத்துக்கிட்டேன்." நான் பேனா மூடியைத் தேட ஆரம்பித்தேன். கையெழுத்தெல்லாம் போட்டு முடித்த பிறகு, நீங்கள் நலமா என்று கேட்டார். நலம், பல்லைத் தவிர என்றேன்.

அடுத்த வாரம் நம் பேத்திக்குப் பிறந்தநாள். வழக்கப்படி பிள்ளைகள் வீட்டுக்கு அன்று நான், மறுநாள் நீங்கள். இந்த முறை நான் உங்கள் ஊர் வழியாக வருகிறேன். முன் சீட் காலியாகத்தான் இருக்கிறது.


ஏப்ரல் 25

சம்பந்திக்கு,

வருகிறேன். ஏறுவதற்கு முன் வண்டியை நான் பார்ப்பேன். கீழேயும் பார்ப்பேன். வழியில் யாரையும் முந்தக்கூடாது. பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம். வழியில் சண்டை வந்து பாதியில் திரும்பினால் அசிங்கம்.


மே 6

சம்பந்திக்கு,

போனிலேயே சொல்லலாம். ஆனால் போனில் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள்.

பிறந்தநாள் அன்று நீங்கள் வண்டியைத் திருப்பி நிறுத்திக்கொண்டிருந்ததால் பார்க்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். நான்தான் முதலில் போய் மணியடித்தேன். மருமகள் கதவைத் திறந்தாள். உங்கள் முறை நாளில் சொல்லாமல் கொள்ளாமல் நான் நிற்பதைப் பார்த்ததும் பதறிப்போனாள். "அத்தை, யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள். அதற்குள் நீங்கள் ஹாரன் அடித்தீர்கள். அவள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அந்த வண்டியையும் அதில் உங்களையும் பார்த்தவள், வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நீங்கள் உள்ளே வந்தபோது அவள் எங்கே என்று கேட்டீர்கள், முகம் கழுவப் போயிருக்கிறாள் என்றேன். ரொம்ப நேரம் கழுவினாள்.

பிறகு சமையலறையில் என்னிடம் சொன்னாள்: "எங்க வீட்டுல ரெண்டு காலண்டர் அத்தை. ஒண்ணுல உங்க தேதி, ஒண்ணுல அப்பா தேதி. ரெண்டும் ஒரே நாள்ல வந்துடக்கூடாதுன்னு நானும் அவரும் படற பாடு இருக்கே." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் ஊரில் இல்லாத வேலையாகக் கேக் தட்டைக் கழுவ ஆரம்பித்தேன். நமக்குள் பேச்சு இல்லை என்றால் அது நம் இரண்டு பேரோடு போகிற விஷயம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

உங்கள் மகள் கெட்டிக்காரி. வண்டி இங்கேயே இருக்கட்டும், ஓட்ட ஆசை வந்தால் இரண்டு பேரும் இங்கே வாருங்கள் என்று சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு நம் இரண்டு பேரையும் பஸ் ஏற்றிவிட்டாள். நான்கு மாதப் பாடு, கடைசியில் நமக்கு மிஞ்சியது பஸ் டிக்கெட். ஜன்னல் ஓரத்துக்கு நீங்கள் ஆசைப்பட்டது தெரியும். நான் இறங்கிய பிறகு நகர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன்.

இனி எனக்கு எழுத உங்களுக்கு ஒரு காரணமும் இல்லை. வண்டியும் இல்லை, விண்ணப்பமும் இல்லை. ஒரு வாரமாகத் தபால்காரர் என் வாசலைப் பார்க்காமலே போகிறார்.

நேற்று எங்கள் தெருக் கடைசியில் இருக்கும் மரக்கடைக்காரர், தன் கொட்டகையைக் காலி செய்யப்போவதாகச் சொன்னார். மரக்குவியலுக்குப் பின்னால் ஒரு வண்டி இருக்கிறதாம், அவர் அப்பா காலத்தது. பெரியது. உங்களுடையதை விடப் பெரியது. டயர் நான்கும் மண்ணுக்குள் போய்விட்டன, கூரையில் கோழி முட்டையிட்டிருக்கிறது, காகிதம் ஒன்றும் இல்லையாம். சும்மா பார்த்துவிட்டு வரத்தான் போனேன்.

ஸ்டியரிங் சுற்றுகிறது.